ஏன் இந்த முஸீபத்து?

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரித்தாகுக! அருமை நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

மய்யித்து வீட்டுக்குப் போகாதவர் நம்மில் எவரும் இரார். வயது முதிர்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டு, கலிமாவோடு கண் மூடியவரின் வீட்டில் அழுகை இருக்கும், கேள்வி இராது. ஆனால் நேற்று மாலை வரை தெருவில் ஓடியாடிய ஐந்து வயதுப் பாலகனின் ஜனாஸா கிடக்கும் வீட்டில், அழுகைக்கு நடுவே ஒரு கேள்வியும் எழும். அல்லாஹ் ரஹ்மான் ஆயிற்றே, ரஹீம் ஆயிற்றே! அவன் 'ஆகுக' என்றால் ஆகிவிடுமே! அவன் ஏன் தடுக்கவில்லை?

பெற்ற தாய் இதை வாய்விட்டுக் கேட்கலாம்; கேளாமல் நெஞ்சுக்குள் புதைத்தும் வைக்கலாம். மேடையில் நின்று வாதமாகக் கேட்போரும் உண்டு. தடுக்க முடியாதவன் என்றால் இறைவன் வல்லவன் அல்லன். தடுக்க மனமில்லாதவன் என்றால் நல்லவன் அல்லன் என்பது அவர்கள் வாதம். வாதிடுவோருக்குச் சொல்லும் பதில் ஒன்று; அழும் தாய்க்குச் செய்ய வேண்டியது வேறொன்று. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் ஆறுதல் சொல்லப் போன இடத்தில் புண்ணைக் கிளறிவிட்டு வருகிறோம். எனவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மலக்குகள் கேட்ட கேள்வி

இந்தக் கேள்வியைக் கேட்டாலே ஈமான் போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. ஆதம் (அலை) அவர்களைப் படைக்க நாடுவதை அல்லாஹ் மலக்குகளிடம் அறிவித்த வேளையில், அந்த மலக்குகளே இதைத்தான் கேட்டார்கள். பூமியில் குழப்பம் விளைவித்து இரத்தம் சிந்தும் ஒரு படைப்பையா உண்டாக்கப் போகிறாய் என்று அவர்கள் வினவியதைத் திருமறையின் பகரா அத்தியாயம் எடுத்துக் கூறுகிறது. அல்லாஹ் அவர்களைச் சபிக்கவில்லை, விரட்டவில்லை. அவர்கள் அறியாததைத் தான் அறிவதாகச் சொன்னான். ஆதமுக்குப் பெயர்களைக் கற்றுக் கொடுத்து, மலக்குகளுக்குத் தெரியாததும் உண்டு என்பதை அவர்களுக்குக் காட்டினான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மனிதன் இரத்தம் சிந்துவான் என்று மலக்குகள் சொன்னதை அல்லாஹ் மறுக்கவில்லை. அது தெரிந்தே படைத்தான். நன்மையைத் தானாக விரும்பிச் செய்யும் ஆற்றல் ஒருவனுக்கு இருக்க வேண்டுமானால், அதைச் செய்யாமல் விடும் ஆற்றலும் அவனிடம் இருந்தாக வேண்டும். பொய் பேசவே இயலாத நாவுக்கு, உண்மை பேசியதற்காகக் கூலி ஏது? கத்தி பழத்தை நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். நெருப்பு சோற்றை ஆக்கும், கூரையையும் எரிக்கும். ஒரு நியதிக்கு உட்பட்ட உலகில்தான் மனிதன் கற்கவும், உழைக்கவும், பிறருக்கு உதவவும் முடியும். அத்தகைய உலகைத்தான் அல்லாஹ் நமக்குச் சோதனைக் கூடமாக ஆக்கியிருக்கிறான்.

மற்றொன்று, கணக்கு இந்தத் துன்யாவோடு முடிந்துவிடுவதில்லை. பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு, வியாபாரத்தில் நஷ்டம் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. ஆகிரத்து என்னும் மறு பாதியை மூடி வைத்துவிட்டு, அல்லாஹ்வின் நீதியைக் குறை சொல்வது எவ்வாறு சரியாகும்?

மேடையில் வாதிடுவோருக்கு நாம் சொல்லும் பதில் சுருக்கமாக இதுதான். ஆனால் இந்தப் பதில் உலகம் முழுமைக்கும் உரியது. இந்த வீட்டில், இந்தப் பிள்ளை, இந்த வயதில் ஏன் என்ற கேள்விக்கு இது பதிலாகாது. அந்தக் கேள்விக்கும் தம்மிடம் பதில் இருப்பதாக எண்ணியவர்கள் முன்பும் இருந்தார்கள்.

மூன்று சகோதரர்கள்

அல்லாஹ் ஒவ்வோர் அடியானுக்கும் எது மிக நல்லதோ அதையே செய்தாக வேண்டும். அது அவன் மீது கடமை என்பது முஃதஸிலாக்களின் கொள்கை. பஸராவில் அவர்களின் தலைவராக விளங்கியவர் அபூ அலீ அல்ஜுப்பாயீ. அவரிடம் பாடம் பயின்றவரே, பின்னாளில் சுன்னத் வல் ஜமாஅத்தின் அகீதா இமாமாக உயர்ந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 324இல் மறைந்த அந்த இமாம், தம் உஸ்தாதைவிட்டு விலகியதற்குக் காரணமாக ஒரு சம்பவம் கூறப்படுகிறது.

மூன்று சகோதரர்கள். ஒருவர் நல்லடியாராக வாழ்ந்து இறந்தார். ஒருவர் பாவியாக இறந்தார். ஒருவர் குழந்தையாகவே இறந்துவிட்டார். இவர்களின் நிலை என்ன என்று மாணவர் கேட்டார். முதல்வருக்குச் சுவர்க்கத்தில் உயர் பதவி, இரண்டாமவருக்கு நரகம், மூன்றாமவருக்கு ஈடேற்றம் உண்டு, பதவி இல்லை என்றார் உஸ்தாது. எனக்கும் நீண்ட ஆயுளைத் தந்திருந்தால் நானும் அமல் செய்து பதவி பெற்றிருப்பேனே என்று அந்தக் குழந்தை கேட்டால்? நீ வளர்ந்தால் பாவியாவாய் என்பதை அறிந்தே உன் நன்மைக்காக எடுத்துக்கொண்டேன் என்று அல்லாஹ் சொல்வான் என்றார். அப்படியானால் நரகத்தில் கிடப்பவர், என்னையும் ஏன் குழந்தையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பாரே என்றார் மாணவர். உஸ்தாதிடம் பதில் இல்லை.

இதில் நமக்குப் பெரும் படிப்பினை இருக்கிறது. அல்லாஹ்வின் கணக்குப் புத்தகத்தைத் தம் கையில் வைத்திருப்பதுபோல் ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் சொல்லப் புகுந்தவர் அடுத்த கேள்வியிலேயே தடுக்கி விழுகிறார். "நல்ல பிள்ளை, அதனால்தான் அல்லாஹ் சீக்கிரம் எடுத்துக்கொண்டான்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படியானால் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் இல்லையா? ஆறுதல் என்று எண்ணிச் சொல்லும் வார்த்தையும் அல்லாஹ்வின் பெயரால் சொல்லும் வார்த்தையே. தெரியாததை அவன் பெயரால் சொல்லலாகாது.

மூஸா நபிக்கே பொறுக்கவில்லை

கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் பயணத்தை நாம் அறிவோம். கிள்ர் (அலை) என்று ஹதீஸில் பெயர் கூறப்படும் நல்லடியார், ஏழைகளின் படகில் ஓட்டை போட்டார். ஒரு சிறுவனின் உயிரைப் போக்கினார். உணவு தர மறுத்த ஊரில் கூலியின்றிச் சுவரைச் செப்பனிட்டார். அல்லாஹ்வோடு உரையாடும் பேறு பெற்ற மூஸா (அலை) அவர்களாலேயே இவற்றைக் கண்டு வாளாவிருக்க முடியவில்லை. படகுகளைப் பறிக்கும் அரசனைப் பற்றியும், சிறுவனின் பெற்றோருக்கு அதைவிடச் சிறந்த பிள்ளை கிடைக்கவிருப்பதைப் பற்றியும், சுவரின் கீழ் இருந்த எத்தீம்களின் புதையலைப் பற்றியும் பிறகுதான் அவர்களுக்கு விளக்கம் கிடைத்தது.

விளக்கம் கிடைத்தது யாருக்கு? மூஸா நபிக்கு. படகுக்காரர்களுக்கு அது சொல்லப்பட்டதாகத் திருமறையில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் தந்தையருக்கும் சொல்லப்பட்டதாக இல்லை. அவர்கள் காரணம் தெரியாமலே அழுதிருப்பார்கள், தெரியாமலே பொறுத்திருப்பார்கள். ஹிக்மத்து இருந்தது, ஆனால் அவர்கள் கண்ணுக்கு அது மறைவாக இருந்தது. நாம் பெரும்பாலும் அந்தப் பெற்றோரின் இடத்தில்தான் இருக்கிறோம். கிள்ர் (அலை) அவர்களின் இடத்தில் இல்லை. மறைவான ஞானம் அருளப்பட்டவர்போல் பிறர் வீட்டுத் துன்பத்துக்குக் காரணம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

கடல் பொங்கிய நாள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையை நம் கடற்கரை மக்கள் மறக்க மாட்டார்கள். சுமத்ரா தீவின் அருகே கடலுக்கடியில் பூகம்பம் உண்டாயிற்று. பூமியின் மேலோட்டில் உள்ள பாறைத் தட்டுகளில் ஒன்று மற்றொன்றின் கீழே சரிந்ததால் நேர்ந்தது அது. எழுந்த பேரலை 2 லட்சத்து 20 ஆயிரத்திற்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6 ஆயிரத்திற்கும் மேல். எல்லாவற்றிலும் பெரிய சேதம் சுமத்ராவின் அச்சே மாநிலத்திலே. அங்கே லம்பூக் என்னும் ஊரில் பள்ளிவாசல் நிற்க, சுற்றியிருந்த வீடுகள் அடியோடு போய்விட்டன.

பள்ளிவாசல் நின்ற படத்தைக் கண்டு நம்மில் பலர் தக்பீர் சொன்னோம். அது சரியே. ஆனால் அந்தப் பள்ளியில் சுபுஹு தொழுதுவிட்டு வீடு திரும்பி மாண்டவர்களைப் பற்றி என்ன சொல்வோம்? அவர்கள் மீது இறங்கியது அதாபு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கை நினைக்கவில்லை. நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும், கொள்ளை நோயில் இறந்தவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஷஹீதுகளின் வரிசையில் வைத்துச் சொன்னார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது உள்ளது. அவர்கள் ஷஹீது என்று சொன்னவரை நாம் பாவி என்று சொல்லலாமா?

இதற்கும் மேலான பாடம் ஒன்று நாயகம் (ஸல்) அவர்களின் சொந்த இல்லத்திலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 10இல் அவர்களின் அருமை மகன் இப்ராஹீம், பால்குடி மாறாப் பருவத்தில் மறைந்தார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரி 27 என்று அந்நாளை இன்று கணித்துச் சொல்கிறார்கள். நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தம்மை நபி என்று பொய்யாகச் சொல்லிக்கொள்பவராக இருந்தால், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்குமா? ஆனால் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். வானமும் பூமியும் தத்தம் நியதிப்படி இயங்குகின்றன. அவற்றின் அசைவைக் கொண்டு ஒரு மனிதர் மீது தீர்ப்பு எழுதக் கூடாது.

அந்த மகனை மடியில் வைத்து அவர்கள் அழுதார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தாங்களுமா அழுவது என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள் வியந்தபோது, இது ரஹ்மத்து என்றார்கள். அழுவது ஸப்ருக்கு விரோதமன்று. யஃகூப் (அலை) அவர்கள் கண்கள் வெளுத்துப் போகும்வரை அழுதார்கள். அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை ரப்பிடமே முறையிட்டார்கள். அல்லாஹ்வைப் பற்றி முறையிடுவது வேறு. அல்லாஹ்விடம் முறையிடுவது வேறு.

கத்ரைப் பழிக்கலாமா?

துன்பத்தில் இன்னொரு வகை உண்டு. கடலும் பூமியும் செய்யாதது. நம் கைகள் செய்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் வெந்து மாண்டனர். அவர்கள் ஓடித் தப்பியிருக்கலாம். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் முடியவில்லை. ஷிஃபா வேண்டி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். இதைத் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு நாம் போகலாமா? சங்கிலியைப் பூட்டியவை மனிதக் கைகள். அதைப் பார்த்தும் பாராமல் சென்றவை மனிதக் கண்கள். அந்தத் தீக்குப் பிறகு சில நாட்களிலேயே அத்தகைய விடுதிகளை அரசாங்கம் மூடிற்று. அங்கிருந்தோரை வேறு பராமரிப்புக்கு மாற்றிற்று. சில நாட்களில் செய்ய முடிந்ததை அதற்கு முன்பே செய்திருக்க முடியாதா?

சுனாமியிலும் இந்தக் கேள்வி உண்டு. பூகம்பத்துக்கும் நம் கரையை அலை அடைந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்கை செய்யத்தான் அன்று இந்து மகாசமுத்திரத்தில் ஏற்பாடு இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே மீண்டும் பெரிய பூகம்பம் நேர்ந்தபோது, நம் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. அவ்வாறு எச்சரிப்பது அல்லாஹ்வின் கத்ரை எதிர்ப்பதாகுமா?

இதற்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அன்றே விடை சொல்லிவிட்டார்கள். ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவிய சமயம் அவர்கள் அங்கு செல்லப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடம் வரை வந்திருந்தார்கள். சஹாபாக்களோடு ஆலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரைவிட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறு பக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில், ஒட்டகங்களை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ரே அல்லவா என்று விளக்கினார்கள். வறண்ட பக்கத்தில் ஓட்டிச் சென்று ஒட்டகத்தைச் சாகவிட்டு, கத்ர் என்று சொல்லும் மேய்ப்பனை யார் மெச்சுவார்?

அதே நோயில்தான் அபூ உபைதா (ரலி) அவர்கள் மறைந்தார்கள். தம்மை நம்பியிருந்த படையினரைத் தனியே விட்டு வர அவர்களுக்கு மனமில்லை. சுவர்க்கவாசி என்று நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர் அவர்கள்! கொள்ளை நோய் பாவிகளைத் தேடி வருவது என்று நினைப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

கேள்வி நம் பக்கம் திரும்புகிறது

இப்பொழுது திருமறை இந்தக் கேள்வியை எங்கே கொண்டு வந்து நிறுத்துகிறது என்று பாருங்கள். செல்வம் வந்தால் ரப்பு என்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், வாழ்வு நெருக்கடியானால் ரப்பு என்னை இழிவுபடுத்திவிட்டான் என்றும் மனிதன் சொல்கிறான் என வல்ஃபஜ்ரு அத்தியாயம் கூறுகிறது. உடனே, அவ்வாறில்லை என்று மறுக்கிறது. மறுத்துவிட்டு, அல்லாஹ் ஏன் ஏழ்மையைக் கொடுத்தான் என்று விளக்கத் தொடங்கவில்லை. நீங்கள் எத்தீமைக் கண்ணியப்படுத்துவதில்லையே, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டுவதில்லையே என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது!

யாஸீன் அத்தியாயத்தில் வரும் நிராகரிப்போரின் பேச்சையும் நினைவு கூருங்கள். செலவு செய்யுங்கள் என்று சொன்னால், அல்லாஹ் நாடியிருந்தால் தானே உணவளித்திருப்பான், அவர்களுக்கு நாம் ஏன் உணவளிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பக்தியான பேச்சுப் போலத் தோன்றும் இதைத் திருமறை வழிகேடு என்று எடுத்துக் காட்டுகிறது. வாரந்தோறும் யாஸீன் ஓதும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு எத்தனை முறை வேறு உருவில் ஒலிக்கிறது!

முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு ஹதீஸ் குத்ஸீ இருக்கிறது. மஹ்ஷரில் அல்லாஹ் அடியானைப் பார்த்து, தான் நோயுற்றபோது நலம் விசாரிக்க வரவில்லையே என்பான்; தான் பசித்தபோது உணவு தரவில்லையே என்பான்; தாகித்தபோது தண்ணீர் தரவில்லையே என்பான். அகிலங்களின் அதிபதியாகிய உனக்கா நோயும் பசியும் என்று அடியான் திகைப்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தான், இன்னவன் பசித்திருந்தான். அவனிடம் நீ சென்றிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய், அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாய் என்பது பதிலாக வரும்.

நாம் இங்கே கேட்பது, துன்பப்பட்டவனின் வீட்டில் அல்லாஹ் எங்கே இருந்தான் என்று. அவன் அங்கே கேட்கப் போவது, நீ எங்கே இருந்தாய் என்று. நம் கேள்விக்கு முழு விடை இந்த உலகில் கிடைக்காமல் போகலாம். அவனுடைய கேள்விக்கு நாம் விடை சொல்லியே ஆக வேண்டும்.

மய்யித்து வீட்டில் நாம்

எனவே அன்பர்களே, தாய்மார்களே! துன்பம் நேர்ந்த வீட்டுக்குச் செல்லும்போது நாவைக் காத்துக்கொள்வோம். உங்களுக்கு நேரும் துன்பம் உங்கள் கைகள் சம்பாதித்ததே, அவன் அநேகத்தை மன்னித்தும் விடுகிறான் என்ற கருத்துள்ள ஆயத்து இருக்கிறது. அது நாம் நம் முகத்தைப் பார்க்கும் கண்ணாடி. பிறர் மீது எறியும் கல் அன்று. "எந்தப் பாவம் செய்தாளோ, பிள்ளையைப் பறிகொடுத்தாள்" என்று திண்ணையில் பேசும் பேச்சு அந்தத் தாயின் காதுக்கு எட்டாமல் போகாது. ஃபாத்திமா (ரலி) அவர்களைத் தவிர ஏனைய மக்கள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லவா?

கப்ரடியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அவர்கள் பொறுமை கொள்ளச் சொன்னார்கள். யாரென்று அறியாமல், என் துன்பம் உமக்கு வரவில்லை, விலகிச் செல்லும் என்றாள் அவள். அவர்கள் வாதிடவில்லை, நகர்ந்து சென்றார்கள். பிறகு அவளே தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது துன்பத்தின் முதல் அடியில் கொள்வது என்று உணர்த்தினார்கள். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்ததும், அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு வந்திருக்கும் துயரம் அவர்களை வேறெதையும் கவனிக்க விடாது என்றார்கள். துயருற்றோருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்த முதல் ஏற்பாடு ஒரு சட்டிச் சோறுதான்.

நாமும் அதைச் செய்வோம். சோறு கொண்டு போவோம். அருகில் அமர்வோம். அழுபவரை அழ விடுவோம். எத்தீமான பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை, மூன்றாம் நாளோடு மறந்துவிடாமல், வருடந்தோறும் கட்டுவோம். நம் ஊரில் எங்கேனும் சங்கிலி இருந்தால் அதை அவிழ்ப்போம். நமக்கே முஸீபத்து வந்தால், அய்யூப் நபியைப் போல அவனிடமே முறையிட்டு, அவன் ஹிக்மத்தின் மீது நம்பிக்கை வைப்போம். ஒரு முள் தைத்தாலும் அதைக் கொண்டு முஃமினின் பாவத்தை அழிக்கும் ரப்பு, ஒரு தாயின் கண்ணீரை வீணாக்குவானா?

யா அல்லாஹ்! எங்களால் தாங்க முடியாத சோதனைகளைவிட்டு எங்களைக் காப்பாயாக! சோதனை வந்தால் ஸப்ரைத் தருவாயாக! பிறருக்குச் சோதனை வந்தால், அவர்களின் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்பவர்களாக ஆக்காமல், உள்ளே சென்று கண்ணீர் துடைப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! நீ எங்களைக் கேட்கும் அந்நாளில், நாங்கள் அங்கே இருந்தோம் என்று சொல்லும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.